ரோசிலி கடற்கரைக்குச் செல்வோர் கவனத்துக்கு

வேல்ஸின் தென்கரையில் உள்ள ரோசிலி கிராமத்துக்குச் செல்லும் சிங்கப்பூரர்கள், பிரிட்டனுக்கான மின்னணுப் பயண அனுமதியை முன்கூட்டியே பெற்றுக்கொள்ள வேண்டும். லண்டனிலிருந்து ஸ்வான்சிக்கு நேரடி ரயிலும், அங்கிருந்து பேருந்தும் உண்டு.

பயண நாளை முடிவு செய்யும்போது வானிலைக்கும் முன்பாகக் கடல் ஏற்றவற்ற அட்டவணையைப் பார்ப்பது நல்லது. ஈஸ்ட் கோஸ்ட்டில் நாம் பழகிய ஏற்றவற்றம் ஏறக்குறைய 3 மீட்டருக்குள் அடங்கிவிடும்; பிரிஸ்டல் கால்வாயை ஒட்டிய இக்கரையிலோ அது பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் இருமடங்கையும் தாண்டும். வர்ம்ஸ் ஹெட் என்னும் தீவுமுனைக்குச் செல்லும் பாறைவழியை, நீர்மட்டம் மிகத் தாழும் வேளைக்கு இரண்டரை மணி நேரம் முன்னும் பின்னும் மட்டுமே கடக்க முடியும் என்பதால், திரும்ப வேண்டிய நேரத்தைக் குறித்துக்கொண்ட பிறகே இறங்க வேண்டும். நேரம் தவறியவர்கள் எக்காரணம் கொண்டும் நீந்த முயலாமல், அடுத்த வற்றம் வரை அங்கேயே காத்திருக்க வேண்டும்.

1887-இல் தரைதட்டிய ஹெல்வெஷியா கப்பலின் மரச்சட்டங்களும் கடல் வற்றும்போதுதான் மணலில் முழுமையாகத் தெரியும்.

முழு விரிகுடாவையும் பார்க்க, 193 மீட்டர் உயரமுள்ள ரோசிலி டவுன் குன்றே சிறந்த இடம். கோடையிலும் காற்று கடுமையாக வீசும். காற்றுத்தடுப்புச் சட்டை அவசியம். ஜூனில் சூரியன் இரவு 9 மணிக்குப் பிறகே மறைவதால், கடைசிப் பேருந்தின் நேரத்தை முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.