பிளஸ் டூவில் காமர்ஸ் படித்தவரும் நீட் எழுதலாம்

முப்பது வயதைத் தாண்டிய பிறகு டாக்டர் ஆசை வந்து, பிளஸ் டூவில் காமர்ஸோ வரலாறோ படித்ததால் வழியே இல்லை என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள், அது வேண்டாம். நீட் தேர்வுக்கு இருந்த வயது உச்சவரம்பு 2022-லேயே போய்விட்டது. 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் இன்னொரு கதவையும் திறந்தது: பிளஸ் டூ முடித்த பிறகு இயற்பியல், வேதியியல், உயிரியலை அங்கீகரிக்கப்பட்ட போர்டில் கூடுதல் பாடங்களாக எழுதித் தேறினாலும் நீட் எழுதலாம்.

வேலையில் இருப்பவர்களுக்கு என்.ஐ.ஓ.எஸ். எனும் தேசிய திறந்தநிலைப் பள்ளி வசதியானது. வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு உண்டு. ஆனால் செய்முறைத் தேர்வையும் எழுதியாக வேண்டும், அதற்கு விடுப்பை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

சரி, எதில் தொடங்குவது? நீட்டின் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு, அதனால் என்.சி.இ.ஆர்.டி. எனும் மத்திய அரசு அமைப்பு வெளியிடும் உயிரியல் பாடப்புத்தகங்களை முதல் நாளிலிருந்தே வரி வரியாகப் படியுங்கள். இயற்பியலில்தான் பெரும்பாலானவர்கள் திணறுகிறார்கள், அதற்குப் பெரும்பாலும் கணக்கு மறந்துபோனதே காரணம், ஆகவே நேராக இயக்கவியலுக்குள் குதிக்காமல் பத்தாம் வகுப்பு முக்கோணவியலையும் இயற்கணிதத்தையும் ஒரு மாதம் போட்டுப் பாருங்கள், அப்புறம் வெக்டர், எளிய வகையீடு.

கலந்தாய்வு விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வேலையை விடும் முன் உங்கள் மாநிலத் தகவல் கையேட்டில் கூடுதல் பாடச் சான்றிதழ் பற்றி என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.