அப்போப்டோசிஸ் ஆன்டிபாடிகள்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லேபுக்குப் புதிதாக வருகிறவர்கள் அப்போப்டோசிஸ் என்கிற செல் சாவைப் (செல் தன்னைத்தானே அழித்துக்கொள்வது) பார்க்க வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, மெம்பிரேனுக்கு மாற்றி, வேண்டிய புரதத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியால் தேடும் சோதனை) போடும்போது, எங்கள் காலத்தில் நாங்கள் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் விழுகிறார்கள். ஆன்டிபாடியைத் திரும்பத் திரும்ப உறைய வைத்து உருக்காதீர்கள், டியூபில் தேதி எழுதுங்கள் என்பதெல்லாம் தெரிந்த சங்கதி. விட்டுவிடுகிறேன்.

செல்லில் அந்தப் புரதம் இருக்கிறதா என்று பார்க்காமல் ஆன்டிபாடி வாங்குவது

இதைப் பார்க்கும்போது எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது. எம்.சி.எஃப்-7 மார்பகப் புற்றுநோய் செல்களுக்கு மருந்து கொடுத்த ஒரு மாணவி, வெட்டுண்ட காஸ்பேஸ்-3 (செல் சாகும்போது வெட்டுப்பட்டு இயங்கத் தொடங்கும் புரதம்) வரவே இல்லை என்று வந்து நின்றார். தட்டில் செல்கள் உருண்டு, கழன்று மிதக்கின்றன. பிளாட்டிலோ அந்த வெட்டுத் துண்டுகள் வரவேண்டிய 17, 19 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) இடம் வெறுமை. ஆன்டிபாடிதான் மோசம் என்று முடிவுகட்டி வேறொன்று வரவழைத்தார். பாலுக்குப் பதில் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தில் பிளாக் செய்தார் (ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் மெம்பிரேனை மூடினார்), ராத்திரி முழுக்க ஊறவிட்டார். கடைசியில் எக்ஸ்போஷரை ஏகத்துக்கும் கூட்டியதில், 20-க்கு மேலே மங்கலாக ஒரு கோடு வந்தது. அதையே ஸ்லைடில் போடக் கிளம்பிவிட்டார். அங்கேதான் நிறுத்தினேன்.

அந்தச் செல்லில் காஸ்பேஸ்-3 கிடையவே கிடையாது. அந்தப் புரதத்தின் மரபணுவில், மூன்றாவது எக்ஸானில் (மரபணுவின் ஒரு துண்டு) 47 பேஸ் ஜோடிகள் விடுபட்டுப் போயிருக்கின்றன. 1998-லேயே வெளியான விஷயம் இது. இல்லாத புரதத்தை எந்த ஆன்டிபாடியும் காட்டாது. காட்டினால், வேறெதையோ பிடிக்கிறது என்று அர்த்தம். ஆனால் செல்கள் சாவது உண்மை: அதே குடும்பத்தைச் சேர்ந்த காஸ்பேஸ்-7 வேலை செய்கிறது, பார்ப்-1 (டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்க உதவும் புரதம்) வெட்டுப்படுகிறது. அங்கே பார்க்க வேண்டியது வெட்டுண்ட காஸ்பேஸ்-7-ஐயும், 116 கிலோடால்டனிலிருந்து 89-க்கு இறங்கும் பார்ப் பட்டையையும்தான்.

ஒரே ஒரு லேன் போதும், இத்தனை அலைச்சலும் மிச்சம். செல்லைச் சாகடிக்கும் ஸ்டாரோஸ்போரின் கொடுத்த, காஸ்பேஸ்-3 உள்ள ஜர்கட் செல்களின் லைசேட்டை (செல்களை உடைத்த கரைசல்) அதே ஜெல்லில் ஓட்டியிருந்தால், ஆன்டிபாடி நன்றாகத்தான் இருக்கிறது, சிக்கல் செல்லில் என்று முதல் பிளாட்டிலேயே தெரிந்திருக்கும். பாசிட்டிவ் கன்ட்ரோல் இல்லாத காலி லேனை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

35 கிலோடால்டனில் பட்டை வந்ததும் சந்தோஷப்படுவது

அது வெட்டுப்படாத காஸ்பேஸ்-3. நன்றாக இருக்கும் செல்லிலும் வரும். சாவைக் காட்ட, அஸ்பார்ட்டேட் 175-இல் வெட்டுண்ட முனையை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி வேண்டும்.

மிதக்கும் செல்களைக் கொட்டுவது

செத்தவை அதில்தான் இருக்கின்றன.

0.45 மைக்ரான் மெம்பிரேன்

துளை பெரிது, சின்னத் துண்டுகள் நழுவிவிடும். 0.2 போடுங்கள்.

பேக்ஸ் 6ஏ7-க்கு ட்ரைட்டான் பஃபர்

6ஏ7 என்ற இந்த ஆன்டிபாடி, செல் சாவைத் தூண்டும் பேக்ஸ் புரதத்தில், உருமாறி இயங்கத் தொடங்கியதை மட்டும் பிடித்து இழுக்கத்தான். செல்லை உடைக்க ட்ரைட்டான் எக்ஸ்-100 டிடர்ஜென்ட் போட்டால் அதுவே பேக்ஸை உருமாற்றிவிடும். மருந்து காணாத செல்லிலும் பாசிட்டிவ் வரும். சாப்ஸ் என்ற வேறு டிடர்ஜென்ட் உள்ள பஃபரில் உடையுங்கள். அப்புறம், இதே ஆன்டிபாடியை நேரடியாக வெஸ்டர்னில் போட்டு ‘இயங்கும் பேக்ஸ்’ என்று எழுதாதீர்கள். ஜெல்லில் போடும் எஸ்.டி.எஸ். டிடர்ஜென்ட் எல்லா பேக்ஸையும் விரித்துவிடுவதால், அங்கே இந்த ஆன்டிபாடி இயங்குவது, இயங்காதது இரண்டையும் பிடிக்கும்.