இன்சுலின் போடும்போது நர்ஸ்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வார்டில் தினமும் போடுகிற ஊசி என்பதாலேயே இன்சுலினில் கவனம் தளர்ந்துவிடுகிறது. என்னை அதிகம் பயமுறுத்துவது சிரிஞ்சு மாறிப்போவதுதான். நம் நாட்டில் வயலில் (சிறு கண்ணாடிக் குப்பியில்) வரும் இன்சுலின் பெரும்பாலும் 1 மி.லி.க்கு 40 யூனிட். இன்சுலின் பேனாவிலும், அதற்குள் பொருத்தும் மருந்துக் குழாயான கார்ட்ரிட்ஜிலும் இருப்பது பெரும்பாலும் 1 மி.லி.க்கு 100 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சு முதல் வகைக்கு, ஆரஞ்சு மூடி இரண்டாவதற்கு. பேனாவுக்கு ஊசி இல்லை என்று கார்ட்ரிட்ஜிலிருந்து 20 யூனிட் என்று நினைத்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20ஆம் கோடு வரை இழுத்தால், உள்ளே வருவது அரை மி.லி., அதாவது 50 யூனிட். மாற்றிச் செய்தால், 40 யூனிட் மருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 20ஆம் கோட்டுக்கு வெறும் 8 யூனிட்தான். எனவே வயலின் லேபிளையும் சிரிஞ்சையும் சேர்த்துப் பார்த்த பிறகே மருந்தை இழுக்க வேண்டும். கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சில் இழுக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள்.

அடுத்தது நேரம். ரெகுலர் இன்சுலின் தோலுக்கடியில் போட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வேலையைத் தொடங்கும். லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் போன்ற வேகமான இன்சுலின்கள் கால் மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். இவற்றைப் போட்டுவிட்டு, சாப்பாடு வரட்டும் என்று விட்டுவிட்டால் நோயாளிக்கு சுகர் இறங்கிவிடும். சாப்பாடு கைக்கு வந்ததா, ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு அனுப்பப் போகிறார்களா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். காலையில் போட்ட என்பிஹெச் (மெதுவாக வேலை செய்யும் இன்சுலின்) உச்சத்துக்கு வருவதற்குள் பல மணி நேரம் ஆகிவிடும். அதனால் மதியமும் மாலையும் வியர்வை, நடுக்கம், குழப்பம் தெரிந்தால் உடனே சுகர் பாருங்கள். மயங்கியவர் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றவே கூடாது, புரையேறிவிடும். டாக்டரைக் கூப்பிட்டு, ரத்தக்குழாய் வழியாக டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) கொடுக்கத் தயாராகுங்கள்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும். பழைய டோஸே இப்போது அதிகமாகிவிடலாம். டிரிப்பில் இன்சுலின் ஓடும்போது பொட்டாசியமும் செல்லுக்குள் போய், ரத்தத்தில் குறையும். சுகரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது.

அப்புறம் கேஸ் ஷீட். எண்ணுக்குப் பக்கத்தில் ஆங்கில ‘யூ’ எழுத்தை அவசரமாகக் கிறுக்கினால் அது பூஜ்யம் போலத் தெரியும். 4 யூனிட் 40 ஆகிவிடும். எண் சந்தேகமாக இருந்தால் டியூட்டி டாக்டரிடம் கேட்டு, ‘யூனிட்’ என்று முழுதாக எழுதி வாங்கிய பிறகே ஊசியை எடுங்கள்.