வீடு மாற்றும் நிறுவனத்தை அமர்த்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுச் சாமான்களை ஏற்றிச் செல்லும் தொழிலில் நடக்கும் மோசடிகள் பல வடிவங்களில் வந்தாலும், அவற்றுள் பெரும்பாலானவை ஒரே நிலைமையைத்தான் பயன்படுத்திக்கொள்கின்றன. பொருள்கள் வீட்டுக்குள் இருக்கும்வரை பேரம் பேசும் வலு வாடிக்கையாளரிடம் இருக்கிறது. கடைசிப் பெட்டியும் லாரியில் ஏறிக் கதவு பூட்டப்பட்டதும் அந்த வலு முழுவதும் நிறுவனத்தின் கைக்குப் போய்விடுகிறது. அதற்குப் பின் "பேசிய தொகை போதாது, இன்னும் இவ்வளவு கொடுத்தால்தான் இறக்குவோம்" என்று அவர்கள் சொன்னால், சட்டம் நம் பக்கம் இருந்தாலும் கட்டில், சமையல் பாத்திரம், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் அவர்களிடம் இருக்கின்றன. ஆகவே நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை லாரி வருவதற்கு முன்பே நிகழ்ந்து முடிந்துவிடுகின்றன.

முதல் தவறு, சாமான்களை நேரிலோ காணொளி அழைப்பிலோ பார்க்காமல் சொல்லப்படும் தொகையை நம்புவது. எத்தனை அறைகள் என்று மட்டும் தொலைபேசியில் கேட்டுவிட்டு உடனே ஒரு தொகையைச் சொல்பவர், அந்தத் தொகைக்கு வேலையை முடிக்கும் எண்ணத்தோடு சொல்வதில்லை. ஒரே அளவுள்ள இரண்டு வீடுகளில் ஒன்றில் நான்கு பீரோக்களும் நூறு கிலோ புத்தகங்களும் இருக்கலாம். மற்றொன்றில் பாயும் பெட்டியும் மட்டுமே இருக்கலாம். இந்த வேறுபாட்டைக் கேட்காமலேயே விலை சொல்ல முடிகிறது என்றால், உண்மையான விலை பிறகு வரும் என்றுதான் பொருள். மூன்று நான்கு இடங்களில் விசாரித்து, மற்றவற்றைவிட மிகக் குறைவாக ஒருவர் சொன்னால், அதைக் கிடைத்தற்கரிய வாய்ப்பாகக் கருதாமல், எதை விட்டுவிட்டுக் கணக்கிட்டிருக்கிறார் என்று கேட்க வேண்டும்.

அந்தத் தொகை எழுத்தில் எப்படி இருக்கிறது என்பதும் முக்கியம். மாறாத ஒப்பந்தத் தொகையும் தோராய மதிப்பீடும் வெவ்வேறானவை. இரண்டும் அச்சிட்ட தாளில் ஒரே மாதிரிதான் தோன்றும். தோராய மதிப்பீடு என்றால், இறுதிக் கட்டணம் எடையைப் பொறுத்ததா, லாரியில் அடைக்கும் இடத்தைப் பொறுத்ததா என்று எழுதி வாங்க வேண்டும். எடை என்றால் வெறும் லாரியின் எடைமேடைச் சீட்டும் ஏற்றிய பின் எடுத்த சீட்டும் கேட்கலாம். இடத்தைக் கொண்டு கணக்கிடுவதுதான் ஏமாற்றுவதற்கு எளிது, ஏனெனில் தளர்வாக அடுக்கினால் அதே சாமான்கள் கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்ளும். மாடிப்படி, மின்தூக்கி இல்லாமை, லாரி வாசல்வரை வர முடியாத சந்து, சுங்கச்சாவடிக் கட்டணம், வரி ஆகியவற்றையும் அந்தத் தாளிலேயே குறிப்பிடச் செய்ய வேண்டும். அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் வீட்டுச் சாமான்களுக்குத் தோராய மதிப்பீடு கொடுக்கப்பட்டிருந்தால், மதிப்பீட்டில் அடங்கிய சேவைகளுக்காக இறக்கும் நேரத்தில் அந்தத் தொகையின் 110 விழுக்காட்டுக்கு மேல் கேட்கக் கூடாது என்றே விதி இருக்கிறது.

அடுத்தது, யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமல் பேசுவது. இணையத்தில் முகவரியையும் எண்ணையும் பதிந்த சில நிமிடங்களில் ஐந்தாறு அழைப்புகள் வருகின்றன என்றால், பதிவை வாங்கியது ஒரு தரகர் என்றும் அவர் அதைப் பலருக்கு விற்றிருக்கிறார் என்றும் புரிந்துகொள்ளலாம். தரகர்கள் எல்லாரும் மோசடிக்காரர்கள் அல்லர். ஆனால் விலை பேசியவர் ஒருவர், லாரி கொண்டுவருபவர் வேறொருவர் என்னும்போது, பேசிய விலை தனக்குத் தெரியாது என்று இரண்டாமவர் சொல்ல இடம் கிடைத்துவிடுகிறது. "லாரி உங்களுடையதா, ஆட்கள் உங்களுடையவர்களா?" என்னும் கேள்விக்குச் சுற்றிவளைத்த பதில் வந்தால் அதுவே போதுமான பதில். புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரோடு ஓர் எழுத்தோ சொல்லோ சேர்த்து வைத்துக்கொள்ளும் போலிகளும் உண்டு. ஆகையால் பதிவு எண்ணை அரசுத் தளத்தில் தேடி, அங்குள்ள பெயரும் முகவரியும் ஒப்பந்தத்தில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். பணம் அனுப்பும் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லாமல் ஒரு தனிநபரின் பெயரில் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது. முன்பணமாகப் பெருந்தொகையோ முழுத்தொகையோ கேட்பவரையும் அவ்வாறே கருதலாம்.

காப்பீட்டு விஷயத்தில் ஏமாறுவோர் தாங்கள் ஏமாந்ததை, ஏதேனும் உடைந்தால் மட்டுமே அறிவார்கள். சாமான்களின் மதிப்பில் இத்தனை விழுக்காடு என்று "காப்பீட்டுக்காக" வாங்கிக்கொண்டு, எந்தக் காப்பீட்டு நிறுவனத்திடமும் எதையும் எடுக்காமல் அந்தத் தொகையைத் தாங்களே வைத்துக்கொள்வது பழைய தந்திரம். வீடு மாற்றும் நிறுவனம் தரும் ரசீது காப்பீட்டுப் பத்திரம் ஆகாது. காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் பத்திர எண்ணும் உள்ள நகலை ஏற்றுவதற்கு முன்பே வாங்கி, அந்த நிறுவனத்திடமே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். காப்பீடு இல்லாமல், போக்குவரத்தாளரின் பொறுப்பு என்ற அளவில் மட்டும் விட்டுவிட்டால் கிடைக்கும் இழப்பீடு மிகச் சொற்பமாக இருக்கலாம். அமெரிக்காவில் கூடுதல் கட்டணம் இல்லாமல் கிடைக்கும் அடிப்படைப் பொறுப்பு ஒரு பவுண்டு எடைக்கு 60 சென்ட் மட்டுமே. இருபது பவுண்டு எடையுள்ள தொலைக்காட்சிப் பெட்டி நொறுங்கினாலும் 12 டாலர்தான் கிடைக்கும். நாமே கட்டிய பெட்டிகளுக்குள் உடைந்தவற்றுக்குப் பொறுப்பில்லை என்ற நிபந்தனையும் பல ஒப்பந்தங்களில் சிறிய எழுத்தில் இருக்கும்.

ஏற்றும் நாளின் பரபரப்பில் நிரப்பப்படாத தாளில் கையெழுத்திடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, இடக் கூடாது. சாமான் பட்டியலைத்தான் கவனித்துப் படிக்க வேண்டும். புத்தம்புதிய மேசைக்கு எதிரிலும் "கீறல் உண்டு, பழையது" என்று ஏற்றுபவர் எழுதிவைத்துக்கொண்டால், பின்னால் வரும் எந்தச் சேதமும் முன்பே இருந்ததாகிவிடும். அப்படி எழுதியிருந்தால் அடித்துத் திருத்தச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு பொருளையும் பல கோணங்களில் படம் எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். லாரியின் பதிவு எண்ணும் ஓட்டுநரின் தொலைபேசி எண்ணும் அதே படங்களோடு இருக்கட்டும். நகையும் பணமும் மூலப் பத்திரங்களும் அந்த லாரியில் ஏறவே வேண்டாம்.

இவ்வளவுக்குப் பின்னும் சாமான்களைப் பிடித்துவைத்துக்கொண்டு கூடுதல் பணம் கேட்டால், அந்தக் கோரிக்கையை எழுத்தில் அனுப்பச் சொல்ல வேண்டும். வாய்ச்சொல்லாக மிரட்டுபவர்களில் பலர் எழுதித் தரத் தயங்குவார்கள். அந்தச் செய்தியையும் ஒப்பந்தத்தையும் வைத்துக் காவல்துறையிலும் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பிலும் புகார் கொடுக்கலாம். வேறு வழியின்றிக் கொடுக்க நேர்ந்தால், ஆட்சேபத்துடன் செலுத்துவதாக ரசீதிலேயே எழுதி, வங்கி வழியாகவே கொடுக்க வேண்டும். சாமான்கள் ஒழுங்காக வந்து சேர்ந்தாலும், "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சிட்டிருக்கும் தாளில் அப்படியே கையெழுத்திடாமல், பெட்டிகளின் எண்ணிக்கையைச் சரிபார்த்து, வெளியே தெரியும் சேதங்களைக் குறித்து, "பெட்டிகள் இன்னும் பிரித்துப் பார்க்கப்படவில்லை" என்று கையெழுத்துக்கு மேலே எழுதிவிட வேண்டும்.