எஸ்க்யூஎல் ஜாயின்: வட்டத்தை விடுங்க, வரியை எண்ணுங்க

டேட்டாபேஸ்ல ரெண்டு டேபிளைச் சேர்த்து ஒண்ணாப் பார்க்குறதுதான் எஸ்க்யூஎல் (SQL) ஜாயின். ஜாயின்னாலே ரெண்டு வட்டம் போட்டு நடுவுல கலர் அடிச்ச படத்தைத்தான் காட்டுறாங்க, ஆனா ஒரு வரி (row) ரெண்டா மூணா பெருகுறது அந்தப் படத்துல தெரியவே தெரியாது, அதனால சின்னதா ரெண்டு டேபிள் எடுத்து வரியை எண்ணிப் பாருங்க.

மாணவர் டேபிள்ல மூணு பேர், கவிதா, முருகன், சலீம். ஃபீஸ் டேபிள்ல நாலு வரி: கவிதா மே, ஜூன் ரெண்டும் கட்டியாச்சு, சலீம் மே மட்டும், நாலாவது வரில இருக்குற மாணவர் நம்பருக்கு ஆளே இல்ல (இல்லாத ஆளோட நம்பரை உள்ளே விடாத ஃபாரின் கீங்கிற கட்டுப்பாடு போடாத பழைய டேட்டால இது சகஜம்).

இன்னர் ஜாயின்ல ரெண்டு டேபிள்லயும் மாணவர் நம்பர் பொருந்துறது மட்டும் வரும், 3 வரி, அதுல கவிதா ரெண்டு தடவை. லெஃப்ட் ஜாயின்ல முதல்ல எழுதுற டேபிள், இங்க மாணவர், முழுசா வரும், அதனால முருகனும் சேர்ந்து 4 வரி, அவனோட ஃபீஸ் பக்கம் முழுக்க 'நல்' (NULL, மதிப்பே இல்லைன்னு அர்த்தம்). ரைட் ஜாயின் இதையே திருப்பிப் போட்டதுதான், டேபிளை இடம் மாத்தி லெஃப்ட்டாவே எழுதிடுங்க, படிக்க ஈஸி. ஃபுல் அவுட்டர்ல ரெண்டு பக்கமும் பொருந்தாததும் சேர்ந்து 5 வரி. மைஎஸ்க்யூஎல்ங்கிற டேட்டாபேஸ்ல இது கிடையாது, லெஃப்ட்டையும் ரைட்டையும் யூனியன் (UNION) பண்ணி ஒண்ணாக்கணும். எஸ்க்யூலைட்ங்கிற இன்னொரு டேட்டாபேஸ்ல 2022ல வந்த 3.39 வெர்ஷன்லதான் சேர்த்தாங்க. கிராஸ் ஜாயின்னா ஒவ்வொரு வரியோடயும் அந்தப் பக்கத்து எல்லா வரியும் சேரும், 3 பெருக்கல் 4, 12 வரி.

இப்ப முக்கியமான இடம். ஜூன் ஃபீஸ் கட்டாதவங்க யாருன்னு வேணும். லெஃப்ட் ஜாயின் போட்டுட்டு 'மாசம் = ஜூன்'னு வேர்ல (WHERE, சேர்த்த பிறகு வடிகட்டுற இடம்) எழுதினா கவிதா மட்டும்தான் மிஞ்சுவா, ஏன்னா முருகனோட மாசம் நல், நல்லை எதோட ஒப்பிட்டாலும் உண்மைன்னு வராது, அதனால வேர் அவனைத் தூக்கிடும், சலீமோட மே வரியும் போயிடும், நீங்க எழுதினது லெஃப்ட், நடக்குறது இன்னர். அந்தக் கண்டிஷனை ஆன்ல (ON, எதை வச்சு சேர்க்கணும்னு சொல்ற இடம்) வைங்க, மூணு பேரும் நிப்பாங்க, அப்புறம் வேர்ல 'ஃபீஸ் ஐடி ஈஸ் நல்'னு (IS NULL, பொருந்துற ஃபீஸ் வரியே இல்லைன்னு அர்த்தம்) மட்டும் போட்டா முருகனும் சலீமும் வந்துடுவாங்க.

எண்ணும்போதும் கவனம். லெஃப்ட் ஜாயின் பண்ணி ஆள்வாரியா குரூப் பை (GROUP BY) போட்டு, கவுண்ட்ல ஸ்டார் குடுத்தா, அதாவது COUNT(*), வரியைத்தான் எண்ணும், அதனால ஒண்ணுமே கட்டாத முருகனுக்கும் 1னு காட்டும், ஃபீஸ் ஐடியைக் குடுத்தாதான் 0 வரும்.