கல்லீரல் ஆய்வுச் செய்திகளை நம்பும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழாநெல்லி மஞ்சள் காமாலையைக் குணப்படுத்தும் என்று சொல்பவரிடம் ஆதாரம் கேட்டுப் பாருங்கள். ‘அதெல்லாம் ஆராய்ச்சியிலேயே நிரூபித்தாகிவிட்டது’ என்பார். அவர் சொல்லும் ஆராய்ச்சி கற்பனை அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன் குழுவினர் நடத்தியது, 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளும்பெர்க்கும் அதன் ஆசிரியர்களில் ஒருவர். இவ்வளவு கனமான பெயர்கள் இருந்தும், அந்த ஆய்வை நாம் படித்த விதத்தில் கிட்டத்தட்ட எல்லாத் தவறுகளும் இருக்கின்றன.

முதல் தவறு, ஆய்வு யாரிடம் நடந்தது என்று பார்க்காமல் விடுவது. சென்னை ஆய்வில் இருந்தவர்கள் காமாலை நோயாளிகள் அல்ல. ஹெபடைடிஸ் பி வைரஸை நாள்பட உடலில் சுமந்துகொண்டிருந்த கேரியர்கள். காமாலை என்பதோ ஒரு நோயே அல்ல, அறிகுறி. தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ வந்தாலும் கண் மஞ்சளாகும், பித்தக்குழாயில் கல் அடைத்தாலும் மஞ்சளாகும், கணையத்தில் கட்டி வந்தாலும் மஞ்சளாகும். ஏ, ஈ வகைகள் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அந்த நாட்களில் எதைச் சாப்பிட்டோமோ அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. ஏ, ஈ வந்த பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் யாருக்குப் பெயர் போகிறது என்ற விஷயம்தான். பச்சைக் குழந்தைக்கு அப்படியில்லை. பிறந்து இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் குறையாமல், மலம் வெளிறிப் போனால் பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கான ‘கசாய்’ என்ற அறுவை சிகிச்சை, பிறந்து 60 நாட்களுக்குள் செய்தால்தான் நன்றாகப் பலன் தரும்.

சரி, கேரியர்களுக்காவது பலன் கிடைத்ததா? அங்கே இரண்டாவது தவறு வருகிறது. முதல் முடிவோடு நின்றுவிடுவது. 30 நாள் மருந்து கொடுத்து, நிறுத்தி 15 முதல் 20 நாட்களுக்குப் பிறகு ரத்தத்தைச் சோதித்ததில், கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேலுறைப் புரதமான சர்ஃபேஸ் ஆன்டிஜென் மறைந்திருந்தது. பிளாசிபோ, அதாவது மருந்தில்லா மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. அதாவது 59 சதவீதம், எதிரே 4. நாள்பட்ட கேரியர்களில் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் பேருக்குத்தான் அந்த ஆன்டிஜென் தானாக மறையும். ஹெபடைடிஸ் பி-க்கு இன்று கொடுக்கும் வீரியமான டெனோஃபோவிர் மாத்திரைகூட அதை அபூர்வமாகவே மறைக்கிறது. ஆகவே ஒன்றரை மாதத்தில் 59 சதவீதம் என்பது கொண்டாட்டத்துக்கு முன்னால் சந்தேகத்தைத்தான் எழுப்ப வேண்டும். ஆய்வுக் குழுவே இதை ‘ஆரம்பகட்ட ஆய்வு’ என்றுதான் குறிப்பிட்டது. அந்தச் சொல் செய்தித்தாள் வரை வந்து சேரவில்லை.

பிறகு தாய்லாந்தில் 1990-ல் செய்து பார்த்தார்கள், பலிக்கவில்லை. 1994-ல் நியூசிலாந்திலும் பலிக்கவில்லை. இத்தகைய சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2011-ஆம் ஆண்டின் காக்ரேன் திறனாய்வு (மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் அறிக்கை), பிளாசிபோவைவிடக் கீழாநெல்லி மேல் என்று சொல்ல நம்பகமான ஆதாரம் இல்லை என்றது. மண் வேறு, செடி பறித்த பருவம் வேறு, அதனால்தான் பலிக்கவில்லை என்று ஒரு வாதம் உண்டு. இருக்கலாம். ஆனால் அதையும் சோதித்துக் காட்டத்தான் வேண்டும், சொன்னால் போதாது.

இது மூலிகைக்கு மட்டும் நேர்ந்ததல்ல. குடியால் வரும் கடும் கல்லீரல் அழற்சிக்கு பென்டாக்ஸிஃபிலின் என்ற மருந்து உயிரைக் காக்கும் என்று 2000-ல் 101 பேரிடம் நடந்த ஆய்வு சொன்னது. பல இடங்களில் மருத்துவர்களும் எழுதிக் கொடுத்தார்கள். 2015-ல் பிரிட்டனில் 1,103 பேரிடம் நடந்த ஸ்டோபா ஆய்வில் அந்தப் பலன் காணாமல் போய்விட்டது.

மூன்றாவது தவறு, சோதனைக்கூடத்தில் பலித்தது மனிதருக்கும் பலிக்கும் என்று நினைப்பது. கீழாநெல்லிச் சாறு சோதனைக் குழாயில் வைரஸின் நொதியைத் தடுத்தது. வுட்சக் என்ற அமெரிக்க அணில் இனப் பிராணியிடமும் நல்ல அறிகுறி காட்டியது. அதெல்லாம் மேற்கொண்டு தேடலாம் என்பதற்கான அனுமதி, அவ்வளவுதான். இந்தத் தாவல் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஃபியாலுரிடின் கதையே போதும். ஹெபடைடிஸ் பி-க்கான இந்த மருந்து விலங்குச் சோதனைகளைத் தாண்டி வந்தது. 1993-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் 15 பேருக்குக் கொடுத்தார்கள். வைரஸ் அளவு அழகாகக் குறைந்தது. 13-ஆவது வாரத்தில் ஒருவருக்குக் கல்லீரல் செயலிழக்க, உடனே எல்லோருக்கும் மருந்தை நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகும் பாதிப்பு தொடர்ந்தது. மொத்தம் 7 பேருக்குக் கடும் பாதிப்பு. 5 பேர் இறந்தார்கள், 2 பேர் மாற்றுக் கல்லீரலால் பிழைத்தார்கள். மனித செல்லில் இந்த மருந்து, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைய ஒரு வாசல் இருக்கிறது. எலிக்கு அங்கே அந்த வாசல் இல்லை. எலி தப்பித்ததன் காரணம் வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது.

அடுத்தது, ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொள்வது. ‘எஸ்.ஜி.பி.டி. 180-லிருந்து 40-க்கு வந்துவிட்டது’ என்று விளம்பரம் போடுகிறார்கள். ரத்தத்தில் ஒரு கல்லீரல் நொதியின் அளவான அந்த எண், கல்லீரல் செல்கள் சேதமாவதைக் காட்டுமே தவிர, கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் காட்டாது. முற்றிய சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிய நிலை) உள்ளவருக்கும் எஸ்.ஜி.பி.டி. சாதாரணமாக வரலாம். தவிர, அது எதுவும் செய்யாமலே ஏறி இறங்கும். ஃபேட்டி லிவர் முற்றி வரும் அழற்சிக்கு 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரெஸ்மெடிரோம் என்ற மருந்தின் ஆய்வையே பாருங்கள். 966 பேர், ஓராண்டு, பயாப்ஸி செய்து, அதாவது கல்லீரலில் சிறு துணுக்கு எடுத்துப் பார்த்த முடிவு. அதிக அளவு மருந்து எடுத்தவர்களில் சுமார் 30 சதவீதத்தினருக்கு அழற்சி தீர்ந்தது. பிளாசிபோ எடுத்தவர்களிலும் சுமார் 10 சதவீதத்தினருக்குத் தீர்ந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாமல் ‘பத்தில் ஒருவருக்கு முழு குணம்’ என்று யாராவது சொன்னால், அவர் கொடுத்தது வெறும் மாவு மாத்திரையாகக்கூட இருந்திருக்கலாம்.

மூலிகைதானே, கெடுதல் செய்யாது என்பதை நீட்டி முழக்க வேண்டியதில்லை. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்காகச் சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் அழற்சி வந்த 6 பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. மஞ்சளை மாத்திரையாக, மிளகுச் சத்தோடு சேர்த்து விழுங்கியவர்களுக்கும் அமெரிக்காவில் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. சாம்பாரில் போடும் மஞ்சளுக்கும் இதற்கும் அளவில் வெகுதூரம்.

இதையெல்லாம் படித்துவிட்டு எந்த ஆய்வையும் நம்பக் கூடாது என்ற முடிவுக்குப் போவதும் தவறுதான். ஹெபடைடிஸ் சி-க்கு இப்போதுள்ள மாத்திரைகள் 8 முதல் 12 வாரத்தில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களைக் குணப்படுத்துகின்றன. அந்த வைரஸைக் கண்டறிந்த மூவருக்கு 2020-ல் நோபல் பரிசு கிடைத்தது. அங்கே மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து ரத்தத்தில் வைரஸ் இல்லையென்றால் குணமாகிவிட்டது என்றே அர்த்தம்.

ஆனால் சி-யில் சரியான இந்தக் கணக்கை பி-க்குப் போடக் கூடாது. ஹெபடைடிஸ் பி-க்கு மாத்திரை எடுப்பவரின் ரிப்போர்ட்டில் ‘வைரஸ் தென்படவில்லை’ என்று வந்தால், அது அடங்கியிருக்கிறது என்றுதான் பொருள். கல்லீரல் செல்லின் கருவுக்குள் அதன் மரபணு ஒரு வளையமாகத் தங்கியிருக்கும். தானாக மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ அது மறுபடி கிளம்பும். ஏற்கெனவே சிரோசிஸ் இருப்பவருக்குக் கல்லீரல் செயலிழப்பில்கூடப் போய் முடியலாம். நிறுத்துவதென்றால் மருத்துவர் மேற்பார்வையில், தொடர்ந்து ரத்தம் சோதித்துக்கொண்டுதான் நிறுத்த வேண்டும்.