ஐரோப்பிய நிறுவனங்களுக்குச் சந்தா விற்கும்போது வாட் போடுவது எப்படி?

டப்ளினில் பதிவு செய்த ஒரு சின்ன நிறுவனம், மாதம் 30 யூரோவுக்கு ஒரு மென்பொருளை இணையத்தில் சந்தாவாக விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெர்லினில் இருக்கும் ஒரு நிறுவனம் அதை வாங்குகிறது. இன்வாய்ஸில் எந்த நாட்டின் வாட் (மதிப்புக் கூட்டு வரி) வரும், அயர்லாந்தின் 23 சதவீதமா, ஜெர்மனியின் 19 சதவீதமா? இரண்டும் இல்லை. 30 யூரோ மட்டும் வாங்க வேண்டும். ஆனால் வரி போடாமல் விட்டதற்கு ஆதாரம் உங்கள் கையில் இருக்க வேண்டும், அதைச் சேர்த்து வைப்பதுதான் இதில் உண்மையான வேலை.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006/112 வாட் உத்தரவில் 44-வது பிரிவு, ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்குச் சேவை விற்றால், வாங்குபவர் இருக்கும் நாட்டில்தான் அந்த விற்பனை நடந்ததாகக் கணக்கு என்கிறது. 196-வது பிரிவு, அந்த வரியை வாங்குபவரே கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது. இதைத்தான் ரிவர்ஸ் சார்ஜ் என்கிறார்கள். பெர்லின் நிறுவனம் தன் வாட் கணக்கில் 5.70 யூரோவைக் கட்ட வேண்டிய வரியாகக் காட்டி, அதே 5.70-ஐ உள்ளீட்டு வரியாக, அதாவது தான் வாங்கியவற்றுக்கான வரியாக, கழித்துக்கொள்ளும். வாங்குபவர் ஒரு வங்கியாகவோ மருத்துவமனையாகவோ இருந்தால் முழுதாகக் கழிக்க முடியாது, அவர்களுக்கு அது நிஜச் செலவு. அது அவர்கள் பாடு, உங்கள் இன்வாய்ஸ் மாறாது.

சரி, படி 1. வாங்குபவர் எந்த நாடு என்று பாருங்கள். அவரும் அயர்லாந்து என்றால் இந்தக் கதையே கிடையாது, வாட் எண் கொடுத்தாலும் 23 சதவீதம் போட்டு 36.90 வாங்க வேண்டும். நிறைய பேர் “நிறுவனம்தானே” என்று உள்நாட்டு வாடிக்கையாளருக்கும் வரியை விட்டுவிடுகிறார்கள், அது தப்பு.

படி 2, பணம் கட்டும் பக்கத்திலேயே நிறுவனத்தின் பெயர், முகவரி, வாட் எண் மூன்றையும் கேளுங்கள். எண்ணின் தொடக்கத்தில் நாட்டின் இரண்டு எழுத்து இருக்கும், ஜெர்மனிக்கு டிஇ, பிரான்சுக்கு எஃப்ஆர். கிரீஸுக்கு மட்டும் ஜிஆர் இல்லை, இஎல். உங்கள் படிவம் இது தெரியாமல் கிரேக்க வாடிக்கையாளர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கலாம், சோதித்துப் பாருங்கள்.

படி 3 தான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஐரோப்பிய ஆணையத்தின் விஐஇஎஸ் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுச் செல்லுமா என்று பாருங்கள். தளம் கேட்கும் இடத்தில் உங்கள் சொந்த வாட் எண்ணையும் சேர்த்துக் கொடுத்தால், சோதித்ததற்கு அடையாளமாக ஒரு எண் கிடைக்கும். அதைத் தேதியோடு வாடிக்கையாளர் கணக்கில் சேமித்து வையுங்கள், பின்னால் வரி அலுவலகம் கேட்டால் நீங்கள் காட்டப்போவது அதைத்தான். ஸ்பெயினில் ஒரு சிக்கல் உண்டு: அங்கே ஒரு நிறுவனத்துக்கு வரி எண் இருந்தாலும், நாடுகளுக்கிடையே வியாபாரம் செய்பவர்களுக்கான தனிப் பதிவேட்டில் சேர்ந்தால்தான் விஐஇஎஸ்-இல் அந்த எண் செல்லும் என்று வரும், அதனால் “எங்கள் எண் சரியானதுதான்” என்று அவர் கோபப்பட்டு எழுதினால் அவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டாமல், அந்தப் பதிவைச் செய்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

எண்ணே கொடுக்கவில்லையா? இணையச் சேவை விஷயத்தில் அவரைச் சாதாரண நுகர்வோராக நடத்த 282/2011 ஒழுங்குமுறையின் 18-வது பிரிவு உங்களை அனுமதிக்கிறது. அப்போது அவர் நாட்டு வரி, பிரான்ஸ் என்றால் 20 சதவீதம். அதை ஒன் ஸ்டாப் ஷாப் பதிவு வழியாக அயர்லாந்திலேயே கட்டிவிடலாம். மற்ற நாடுகளில் இருக்கும் நுகர்வோருக்கு நீங்கள் விற்பது ஆண்டுக்கு 10,000 யூரோவைத் தாண்டவில்லை என்றால் அயர்லாந்து வரியே போதும்.

படி 4, இன்வாய்ஸ். உங்கள் வாட் எண், அவருடைய வாட் எண், வரியில்லாத தொகை, கூடவே “ரிவர்ஸ் சார்ஜ்” என்ற வாசகம். அந்த வாசகம் விருப்பம் இல்லை, கட்டாயம். சேவை கொடுத்த மாதத்துக்கு அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் இன்வாய்ஸ் போய்விட வேண்டும்.

படி 5, வரி இல்லை என்பதால் கணக்கும் இல்லை என்று நினைக்காதீர்கள். அயர்லாந்தில் வாட் கணக்குத் தாக்கல் செய்யும் விஏடி3 படிவத்தில் இந்த விற்பனை இஎஸ்1 கட்டத்தில் போகும். அது போக, எந்த வாட் எண்ணுக்கு எவ்வளவு விற்றீர்கள் என்று தனியாக ஒரு பட்டியலும் தாக்கல் செய்ய வேண்டும். வாங்கியவர் தன் நாட்டில் காட்டும் கணக்கோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

அப்புறம், சந்தா என்பது ஒரு தடவை விற்று முடிகிற பொருள் இல்லையே. சேர்ந்த அன்று செல்லுபடியான எண், எட்டு மாதம் கழித்து நிறுவனம் மூடிப்போய் ரத்தாகியிருக்கலாம், உங்கள் மென்பொருளோ மாதாமாதம் வரியில்லாத இன்வாய்ஸ் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் முன்னால் விஐஇஎஸ் சோதனை தானாக ஓடும்படி வைத்துவிடுங்கள், எண் செல்லவில்லை என்றால் வாடிக்கையாளருக்கு எழுதுங்கள், அவர் திருத்தித் தரும்வரை வரியோடு அனுப்புங்கள். சரியான எண் பின்னால் வந்தால் கிரெடிட் நோட் போட்டு வரியைத் திருப்பிக் கொடுத்துப் புது இன்வாய்ஸ் தரலாம்.

பிரிட்டன், சுவிட்சர்லாந்து, நார்வே மூன்றும் ஒன்றியத்தில் இல்லை, அந்த எண்களை விஐஇஎஸ்-இல் தேடிப் பயனில்லை. வட அயர்லாந்துக்கு எக்ஸ்ஐ என்று தொடங்கும் எண்கள் அதில் கிடைக்கும், ஆனால் அவை சரக்கு விற்பனைக்கு மட்டும்தான். மென்பொருள் சந்தாவுக்கு பெல்ஃபாஸ்ட் வாடிக்கையாளரையும் லண்டன் வாடிக்கையாளரைப் போலவே நடத்துங்கள்.